ஆவாரம்பூ பூத்த டீ செட்: புதிதாகக் குரோஷே ஊசி பிடிப்பவர்களுக்கு

குரோஷேயில் பூ வைத்த டீ செட் பின்ன ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். பூ சீக்கிரம் முடிந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். கை நிறையப் பூ சேர்ந்த பிறகுதான் அவற்றைத் தைத்து வைக்க ஒரு கோப்பை வேண்டுமே என்ற நினைப்பு வருகிறது. அவசரமாகப் பின்னிய கோப்பை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் கோணி நிற்கும். எத்தனை பூவைத் தைத்தாலும் அந்தக் கோணல் மறையாது. ஆகவே இங்கே பூ கடைசியில்தான் வரும். முதலில் சாஸர், அடுத்து கோப்பை, அதன் பிறகு டீ பாட். சாஸரில் பழகும் வட்டக் கணக்கு கைவந்துவிட்டால், மற்றவை எல்லாம் அதே வட்டத்தை நிமிர்த்துவதும் குறுக்குவதும்தான்.

நாம் பின்னப்போவது ஒரு டீ பாட், இரண்டு கோப்பை, இரண்டு சாஸர். சொப்புச் சாமானைவிடச் சற்றுப் பெரியது. கோப்பை 3 செ.மீ. உயரம் வரும். ஷோகேஸில் வைக்கலாம், கொலுப்படியில் வைக்கலாம், சீர்த்தட்டில் வைத்தால் நாலு பேர் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். இதில் டீ ஊற்றிக் குடிக்க முடியாது. பார்க்கிற ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நூலும் ஊசியும்

கொங்கு நாட்டில் நூலுக்குப் பஞ்சமில்லை. அதனாலேயே தவறான நூலை வாங்கிவிடும் வாய்ப்பும் இங்கே அதிகம். திருப்பூரில் பனியன் துணிக்கு ஓடும் கோன் நூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது ஒற்றை இழை. துணி மென்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக முறுக்கைக் குறைவாக விட்டிருப்பார்கள். குரோஷே ஊசியின் கொக்கி அந்த இழைக்குள் புகுந்து நூலைப் பிளந்துவிடும். நமக்கு வேண்டியது இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல்.

கரூர், சென்னிமலைப் பக்கம் தறிக்கு வாங்கும் 2/20 போன்ற முறுக்கு நூல் நன்றாக உதவும். இந்த எண்ணைப் புரிந்துகொண்டால் எந்த நூல் கடையிலும் தடுமாற வேண்டியதில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் (நூல் கட்டுகள்) எத்தனை அடங்குகின்றனவோ அதுவே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 2/20 என்றால் 20-ஆம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது. அதுவும் நமக்கு மெல்லிசுதான். நான்கு அல்லது ஐந்து இழைகளை ஒன்றாகப் பிடித்துப் பின்ன வேண்டும். ஒவ்வோர் இழையையும் தனி உருண்டையாகச் சுற்றி, எல்லாவற்றையும் ஒரு குண்டாவுக்குள் போட்டு, நுனிகளை மட்டும் வெளியே இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. இந்த வேலைக்கெல்லாம் பொறுமை இல்லை என்பவர்கள் தையல் சாமான் கடையில் நான்கு இழைப் பருத்திப் பின்னல் நூல் என்று கேட்டு உருண்டையாகவே வாங்கிக்கொள்ளலாம். விலை கூடுதல், தலைவலி குறைவு.

ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் கம்பளி நூல் வேண்டாம். கையில் இதமாக இருக்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் கஞ்சியைக் குடிக்காது. கஞ்சி குடிக்காத கோப்பை நிற்காது.

உடம்புக்கு வெளிர் சந்தன நிறம் 100 கிராம் வாங்கினால் செட் முடிந்து மிச்சமும் இருக்கும். மஞ்சள், சிவப்பு, இலைப்பச்சை, கொஞ்சம் பழுப்பு ஆகியவை ஆளுக்குச் சிறு உருண்டை போதும். சிவப்பு நூலை மட்டும் பின்னுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்த நூல் இந்த வேலைக்கு ஆகாது. பின்னால் தூசியைத் துடைக்க ஈரத் துணி பட்டாலே சந்தன நிறத்தில் சிவப்புக் கறை படிந்துவிடும்.

ஊசி 2.5 மி.மீ. அலுமினிய ஊசி. நூல் உறையில் 3 அல்லது 3.5 என்று அச்சிட்டிருந்தாலும் 2.5-ஐயே எடுங்கள். அந்த அளவு சால்வைக்கும் சட்டைக்கும் சொன்னது. நமக்குத் துணி குழைந்து தொங்கக் கூடாது, அட்டைபோல இறுகி நிற்க வேண்டும். பின்னி முடித்த துண்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஓட்டைகள் தெரியக் கூடாது. தெரிந்தால் ஊசியை இன்னும் ஒரு அளவு குறைக்க வேண்டும்.

இவை தவிர, காது பெரிய கம்பளி ஊசி ஒன்று, சேஃப்டி பின் ஒன்று, கைப்பிடிக்குச் செம்புக் கம்பி. கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். கோவை பம்ப் செட் ஊர். மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத பகுதியே கிடையாது. சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள காயில் கம்பித் துண்டு கேளுங்கள். அதன் மேல் வார்னிஷ் பூச்சு இருப்பதால் களிம்பேறி நூலைப் பச்சையாக்காது.

கையில் வர வேண்டிய தையல்கள்

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள், ஆளுக்கொரு கண்ணியைத் திறந்தபடியே பிடித்திருக்கும். குரோஷேயில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மற்றவை அவ்வப்போது மூடிக்கொண்டே வரும். ஊசி நழுவினால் பயப்படாதீர்கள், வேலை முழுவதும் பிரிந்துவிடாது. தப்பு நேர்ந்தாலும் அதுவரை இழுத்துப் பிரித்துவிட்டு அங்கிருந்தே மறுபடி தொடரலாம்.

செயின் என்பது ஊசியில் நூலைச் சுற்றி, இருக்கும் வளையத்தின் வழியே இழுப்பது. சிங்கிள் என்பது இந்த செட்டின் அஸ்திவாரம்: ஊசியைக் கண்ணிக்குள் விட்டு நூலை இழுங்கள், ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும்; மீண்டும் நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுங்கள். டபுளுக்கு ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் போக வேண்டும்; மூன்று வளையம் நிற்கும், அவற்றை இரண்டிரண்டாக இழுத்து முடிக்க வேண்டும். மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்தால் அது ஹாஃப் டபுள். இரண்டு முறை சுற்றிக்கொண்டு போனால் டிரெபிள். ஸ்லிப் என்பது கண்ணிக்குள் விட்டு இழுத்த நூலை அப்படியே ஊசி வளையத்தின் வழியாகவும் இழுத்துவிடுவது. உயரம் தராது, இணைப்புக்கு மட்டும்.

ஒரு எச்சரிக்கை. நான் சொல்வது அமெரிக்க முறைப் பெயர்கள். அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பார்கள். வீட்டில் பழைய பின்னல் புத்தகம் இருந்து, அதையும் இதையும் சேர்த்துப் பார்த்துப் பின்னினால் கோப்பை இரண்டு மடங்கு உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்.

சாஸர்

நூல் நுனியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் 6 சிங்கிள் போட்டு, நுனியை இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். இதை மேஜிக் ரிங் என்பார்கள். இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சிங்கிள்: 12. மூன்றாம் சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு: 18. நான்காவதில் இரண்டு சாதாரணக் கண்ணி, மூன்றாவதில் இரட்டை (அதாவது ஒரே கண்ணியில் இரண்டு சிங்கிள்): 24. இப்படியே சுற்றுக்கு 6 கூட்டிக்கொண்டே போய் பத்தாம் சுற்றில் 60 வர வேண்டும். சுற்று முடிந்ததும் இணைக்காமல் சுருளாகவே தொடருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் சேஃப்டி பின்னைக் குத்தி வையுங்கள். பின் இல்லாமல் மனக்கணக்கில் போகலாம் என்று நினைப்பவர்கள் ஐந்தாம் சுற்றிலேயே வழி தவறுவார்கள்.

வட்டம் கிண்ணம்போலக் குழிந்தால் கண்ணி குறைந்திருக்கிறது அல்லது கை மிகவும் இறுகியிருக்கிறது. ஓரம் அலை அலையாகப் புரண்டால் கண்ணி கூடியிருக்கிறது. வேறு காரணம் தேட வேண்டாம், எண்ணிப் பாருங்கள். வட்டம் மெல்ல அறுகோணமாக மாறினால், கூட்டுகிற இடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துவிட்டன என்று அர்த்தம். அதற்கு மருந்து, இரட்டைப்படைச் சுற்றுகளில் ஆரம்பத்தைப் பாதியில் தொடங்குவது. உதாரணமாக ஆறாம் சுற்றில், 2 சிங்கிள், ஒரு இரட்டை, பிறகு 4 சிங்கிளும் ஒரு இரட்டையுமாக ஐந்து முறை, கடைசியில் 2 சிங்கிள். மொத்தம் அதே 36தான். மூலைகள் மட்டும் காணாமல் போகும்.

பதினோராம் சுற்றில் கூட்டாமல் 60 சிங்கிளைப் போடுங்கள். ஓரம் லேசாக எழும்பும். இப்போது மஞ்சள் நூலை மாற்றிக்கொண்டு இதழ் ஓரம்: இரண்டு கண்ணி விட்டு மூன்றாவதில் 5 டபுள், இன்னும் இரண்டு விட்டு அடுத்ததில் ஸ்லிப். ஆறு கண்ணிக்கு ஒரு இதழ், 60-க்குப் பத்து இதழ். பதினொன்றோ ஒன்பதரையோ வந்தால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது.

கோப்பை

முதல் ஐந்து சுற்றுகள் சாஸரைப் போலவே, 30-இல் நிறுத்துங்கள். கண்ணியின் தலையை மேலிருந்து பார்த்தால் இரண்டு இழைகள் தெரியும். வழக்கமாக இரண்டுக்கும் அடியில் ஊசியை விடுகிறோம். ஆறாம் சுற்றில் மட்டும் பின் இழையில் மட்டுமே ஊசியை விட்டு, கூட்டாமல் 30 போடுங்கள். அடிப்பாகம் சட்டென மடிந்து சுவர் எழும். ஏழு, எட்டாம் சுற்றுகள் 30. ஒன்பதில் 4 சிங்கிள், ஒரு இரட்டை என்று சுற்றிலும் கூட்டி 36. பத்து முதல் பதின்மூன்று வரை 36. கடைசியாக ஒரு சுற்று ஸ்லிப் போட்டால் வாய் விளிம்பு திருத்தமாக இருக்கும்.

கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடி ஓரத்தில் நாம் விட்டுவைத்த முன் இழைகள் வட்டமாக வரிசையில் நிற்கும். அவற்றில் நூலைக் கோத்து ஒரு சுற்று சிங்கிள் போட்டால், பீங்கான் கோப்பைக்கு இருப்பது போன்ற பாதம் வந்துவிடும். பலர் விட்டுவிடும் வேலை இது. இந்த ஒரு சுற்றுதான் பொம்மைத் தொப்பியைக் கோப்பையாக்குகிறது என்பேன்.

கைப்பிடிக்கு 13 செயின், இரண்டாம் செயினிலிருந்து 12 சிங்கிள், திருப்பி இன்னும் இரண்டு வரிசை. நடுவில் கம்பித் துண்டை வைத்து நீளவாக்கில் குழாயாக மடித்துத் தையுங்கள். கம்பியின் இரு நுனிகளையும் சிறு வளையமாகச் சுருட்டிவிட்டால் குத்தாது. குழந்தை விளையாடக் கொடுப்பதாக இருந்தால் கம்பியே வேண்டாம். இன்னும் ஒரு வரிசை பின்னித் தடிமனாக்கிக்கொள்ளுங்கள்.

டீ பாட்

உடல் பெரிதே தவிரக் கடினமில்லை. ஏழாம் சுற்று வரை கூட்டி 42. எட்டில் பின் இழையில் மட்டும் 42. ஒன்பதில் 48, பத்தில் 54. பதினொன்று முதல் பதினெட்டு வரை 54-லேயே ஏறுங்கள். பிறகு குறைக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளிலும் நூலை இழுத்துக்கொண்டு, ஊசியில் நிற்கும் மூன்று வளையங்களையும் சேர்த்து இழுத்தால் இரண்டு கண்ணி ஒன்றாகும். சுற்றுக்கு ஆறு இடத்தில் இப்படிக் குறைத்து 48, 42, 36, 30. இருபத்திரண்டாம் சுற்றில் வாய் வந்துவிடும்.

மூக்கில்தான் கை பழக வேண்டும். 8 செயின் போட்டு வளையமாக இணைத்து, நுனியிலிருந்து அடியை நோக்கிப் பின்னுங்கள். முதல் நான்கு சுற்றுகள் 8 சிங்கிள். ஐந்தாவதில் 10. இங்கிருந்து ஒன்பதாம் சுற்று வரை, பாதிச் சுற்றுக்குச் சிங்கிளும் மீதிப் பாதிக்கு ஹாஃப் டபுளும் போடுங்கள். ஹாஃப் டபுள் சற்று உயரம் என்பதால் அந்தப் பக்கம் நீண்டு, மூக்கு தானாகவே எதிர்ப்பக்கம் வளையும். வளைவைக் கம்பி வைத்து வாங்குவதைவிட இது அழகு. எட்டாம் சுற்றில் 12, பத்திலும் பதினொன்றிலும் 14, சிங்கிள் மட்டும்.

பொருத்தும்போது ஹாஃப் டபுள் பக்கம் கீழே இருக்கட்டும், நுனி மேல்நோக்கி வளையும். வயிற்றின் நடுவுக்குச் சற்றுக் கீழே தையுங்கள். மூக்கு நுனி டீ பாட்டின் வாய்க்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால், நிஜப் பாத்திரமாக இருந்தால் நிரப்பும் முன்பே மூக்கு வழியே வழிந்துவிடும். பின்னல் டீ பாட்டில் எதுவும் வழியப் போவதில்லைதான். ஆனால் பார்க்கிற கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

கைப்பிடி 21 செயினில் தொடங்கி 20 சிங்கிளாக நான்கு வரிசை. கம்பி நுனிகளைச் சுவர் வழியே உள்ளே விட்டு மடக்க வேண்டியிருப்பதால், மூக்கையும் கைப்பிடியையும் பஞ்சு அடைக்கும் முன்பே தைத்து முடித்துவிடுங்கள். உள்ளே அடியில் 5 செ.மீ. அகல அட்டை வட்டம் ஒன்றை வையுங்கள். அடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் துணியைப் பொடியாக வெட்டிப் போடலாம். பஞ்சைவிடக் கனமாக இருப்பதால் பாத்திரம் நிலையாக உட்காரும். ஓரங்களில் முதலில் அடைத்துப் பிறகு நடுவை நிரப்புங்கள். நடுவில் ஆரம்பித்தால் வயிறு புடைத்து, தோள் தளர்ந்துவிடும்.

மூடி 36 வரை கூட்டிய வட்டம், அதன் மேல் கூட்டாமல் ஒரு சுற்று. வாய் 30 கண்ணி என்பதால் மேலே கச்சிதமாக அமரும்.

பூக்கள்

குரோஷே டீ செட் என்றால் எல்லோரும் ரோஜாவையும் டெய்சியையும்தான் வைக்கிறார்கள். டெய்சியை நம் வேலியோரத்தில் பார்த்தவர் யார்? பொங்கலுக்கு முந்தைய நாள் கொங்கு வீடுகளில் வாசலுக்கும் தோட்டத்துக்கும் காப்புக் கட்டுவார்களே, ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றும் சேர்ந்த அந்தச் சிறு கொத்தை டீ பாட்டின் வயிற்றில் வைத்துப் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, பச்சை மூன்றும் சந்தன நிறத்தின் மேல் நன்றாக எடுபடும்.

ஆவாரம்பூவுக்கு மேஜிக் ரிங்கில் 5 சிங்கிள். ஒவ்வொன்றிலும் ஸ்லிப், 2 செயின், 2 டபுள், 2 செயின், ஸ்லிப். எல்லாம் அதே கண்ணிக்குள். ஐந்து இதழ் வரும். நிஜப் பூவின் இதழ் ஓரம் வழவழப்பாக இருக்காது, லேசாகச் சுருங்கியிருக்கும். ஆகவே இதழ்களை விரலால் இழுத்துச் சமப்படுத்தாதீர்கள். நடுவில் பழுப்பு நூலால் நான்கைந்து முடிச்சுகள், மேல்நோக்கி வளைந்த ஒரு பச்சை நூல் நுனி. ஒரு பூவை எதிரில் வைத்துக்கொண்டு பின்னினால் இதையெல்லாம் நான் சொல்லவே வேண்டாம்.

பூளைப்பூவுக்கு மட்டும் அக்ரிலிக் நூலுக்கு வேலை உண்டு. வெள்ளையில் 9 செயின் போட்டு, இரண்டாம் செயினிலிருந்து ஒவ்வொன்றிலும் ஸ்லிப், 3 செயின், அதே இடத்தில் ஸ்லிப். முடிந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால் நூல் கலைந்து பஞ்சுபோலப் பூக்கும்.

வேப்பிலைக்கு 7 செயின். இரண்டாவதிலிருந்து ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப். செயினின் ஒரு பக்கத்தில் மட்டும் பின்னுவதால் இலை அரிவாள்போல வளையும். இரு பக்கமும் பின்னி நேராக்க வேண்டும் என்று தோன்றும், வேண்டாம். வேப்பிலையே இரு பாதியும் ஒன்றுபோல் இல்லாமல் வளைந்துதான் இருக்கிறது.

மூடிக்குச் செம்பருத்தி. மேஜிக் ரிங்கில் சிவப்பு நூலால் 10 சிங்கிள். இரண்டு கண்ணிக்கு ஒரு இதழ். முதல் கண்ணியில் ஸ்லிப், 3 செயின், 2 டிரெபிள். அடுத்ததில் 2 டிரெபிள், 3 செயின், ஸ்லிப். நடுவில் நீட்டி நிற்கும் தண்டுக்கு 7 செயின் போட்டு அதன்மேலேயே ஸ்லிப்பாகத் திரும்பி வாருங்கள். நுனியில் மஞ்சள் முடிச்சுகளைப் போடுங்கள். மூடியைத் தூக்கிப் பிடிக்கும் குமிழ் இதுதான். தனிக் குமிழ் தேவையில்லை.

கோப்பைக்கு ஒரே ஒரு ஆவாரம்பூ, ஒரு வேப்பிலை. கைப்பிடி வலப்பக்கம் இருக்கும்படி வைத்தால் பூ நம்மைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய வடிவத்தைப் பூவால் மூடுவானேன்?

கஞ்சி போடுதல்

தறியில் ஏற்றும் முன் பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவது நம் ஊரில் தெரிந்த சங்கதி. கோப்பைக்கும் சாஸருக்கும் அதேதான். டீ பாட்டுக்கு வேண்டாம். இறுக அடைத்திருந்தால் தானே நிற்கும். பூக்களைக் கஞ்சி காய்ந்த பிறகு தையுங்கள், முன்னால் தைத்தால் இதழெல்லாம் படிந்துவிடும்.

ஜவ்வரிசியை நீர்க்க வேகவைத்து, கண்ணாடிபோல ஆனதும் வடிகட்டினால் நல்ல கஞ்சி கிடைக்கும். கோப்பையை அதில் முக்கி, பிழிந்து, பாலித்தீன் சுற்றிய சிறிய மருந்துப் புட்டியின் மேலோ டம்ளரின் மேலோ மாட்டுங்கள். சாஸரைத் தட்டில் பரப்பி, இதழ் ஒவ்வொன்றையும் விரலால் எடுத்துவிடுங்கள். ஆடிக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் புழுதியும் சேர்ந்து ஒட்டும்; அந்த மாதங்களில் வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் காயவையுங்கள்.

கஞ்சிக்கு ஒரு குறை உண்டு: கரப்பானும் எறும்பும் தேடி வரும், மழைக்கால ஈரத்தில் விறைப்பும் தளரும். நிரந்தரமாக ஷோகேஸில் இருக்கப் போகிற செட் என்றால் ஃபெவிகாலும் தண்ணீரும் சம அளவு கலந்து அதில் முக்குங்கள். காய்ந்தால் நிறம் தெரியாது, பூச்சியும் வராது. அடிக்கடி எடுத்துத் துவைக்க வேண்டிய செட்டுக்குக் கஞ்சியே மேல். வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும், மறுபடி போட்டுக்கொள்ளலாம். அதற்காகவே கோப்பையின் பூவை இறுக்கித் தைக்காமல் நான்கு தையலில் நிறுத்துங்கள், பிரித்தெடுக்கச் சுலபம். டீ பாட்டைத் தண்ணீரில் போடக் கூடாது, உள்ளே அட்டை இருக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.